கொடைக்கானலில் இருந்தபடியே விண்மேகங்களில் ஆக்சிஜன் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்மீன்களுக்கு நடுவில் பரந்து கிடக்கும் வாயு மேகங்களில் நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன் இருக்கிறதா? இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் ஆக்சிஜனைத்தான் சொல்கிறேன், தனி அணுவை அல்ல. பிரபஞ்சத்தில் ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் அடுத்து அதிகம் இருக்கும் தனிமம் ஆக்சிஜன். நம் சூரியக் கணக்கில் சுமார் 2000 ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு உண்டு. அதனால் குளிர்ந்த அடர்ந்த மேகங்களில் ஆக்சிஜன் மூலக்கூறு தாராளமாகக் கிடக்கும், பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியாவது இருக்கும் என்று பழைய வேதியியல் கணக்குகள் சொல்லிவந்தன. தேடிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, சில இடங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தத் தேடலை ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தால்தான் செய்ய முடியும் என்பதில்லை. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தரவு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. இளங்கலை இயற்பியல் அளவுக்குப் படிப்பு, ஒரு சுமாரான லேப்டாப், பைத்தானில் ஒரு வரைபடம் போடத் தெரிந்திருப்பது, இவ்வளவு போதும். நான் பழனிமலைத் தொடரில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு படிகளுக்கு இந்த மலை நிஜமாகவே உதவுகிறது.

முதல் படி: தேடப்போகும் மேகம் வானத்தில் எங்கே என்று கண்ணால் பாருங்கள்

தரவுக்குள் நேரடியாகக் குதிக்க வேண்டாம். ஆக்சிஜன் மூலக்கூறு உறுதியாகக் கண்டறியப்பட்ட இடங்கள் நம் பால்வீதியில் இரண்டே இரண்டுதான், இரண்டுமே கொடைக்கானலில் இருந்து தெரியும் திசையில் இருக்கின்றன. ஒன்று ஓரியன். மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் கிழக்கே திருவாதிரை நட்சத்திரமும், வேடனின் இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீனும் தெரியும். அந்த மூன்றுக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் மங்கலாகப் புகைபோல் இருப்பதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1350 ஒளியாண்டு தூரம். நாம் தேடும் மேகம் அதற்குப் பின்னால் மறைந்து நிற்கிறது.

இன்னொன்று ரோ ஒஃபியுக்கி. விருச்சிகத்தில் சிவப்பாக மின்னும் கேட்டை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கு வடக்கே சுமார் 3 டிகிரி தள்ளி இந்த மேகம் இருக்கிறது. தூரம் 450 ஒளியாண்டு அளவுதான், நமக்கு மிக அருகில் விண்மீன் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சித்திரை, வைகாசியில் நள்ளிரவை ஒட்டிப் பார்ப்பது நல்லது, ஆனி ஆடிக்குள் மேகம் மூடிவிடும். டவுன் வெளிச்சத்தில் இருந்து தப்பிக்க மன்னவனூர், பூண்டி, கிளாவரை பக்கம் போனால் அங்கே விண்மீன்களே இல்லாததுபோல் கறுப்பாகக் கிடக்கும் பட்டைகளை வெறும் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கறுப்புதான் தூசி. பின்னால் இருக்கும் விண்மீன்களை அது மறைக்கிறது. இந்தத் தூசியை நினைவில் வையுங்கள், ஆக்சிஜன் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

இரண்டாம் படி: உங்கள் தலைக்கு மேல் இருக்கும் ஆக்சிஜனை முதலில் பிடியுங்கள்

இதைப் பலரும் தவிர்த்துவிடுவார்கள், ஆனால் எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். ஓர் அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் இரண்டு பிளேடுகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டுங்கள். மறுமுனையில் டிவிடி துண்டோ, இன்னும் நன்றாக இருக்க வேண்டுமென்றால் மில்லிமீட்டருக்கு 1000 கோடு உள்ள கீற்றணித் தகடோ வையுங்கள். மாலையில் சூரியன் இறங்கும் நேரம், சூரியனுக்குப் பக்கத்து வானத்தையோ வெயில் விழும் வெள்ளைத் தாளையோ அந்தப் பிளவு வழியாகப் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

சிவப்புப் பகுதியில் 656 நானோமீட்டரில் ஒரு கறுப்புக் கோடு தெரியும், அது சூரியனில் இருக்கும் ஹைட்ரஜன். அதைத் தாண்டி, சிவப்பு மங்கிக்கொண்டே போகும் ஓரத்தில், 687 நானோமீட்டரில் இன்னொரு கறுப்புப் பட்டை இருக்கும். அதற்கு ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் 'பி' என்று பெயரிட்டார். அது சூரியனில் இல்லை, இங்கேயே, நம் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறு போடும் கறை. சூரியன் உச்சியில் இருக்கும்போது மெலிசாக இருந்த பட்டை, சூரியன் அடிவானத்தை நெருங்க நெருங்கக் கறுத்துத் தடிக்கும், ஏனென்றால் ஒளி இன்னும் நீளமான காற்றுப் பாதையைக் கடந்து வருகிறது. ஹைட்ரஜன் கோடு அப்படி மாறாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எது வானத்துடையது, எது நம்முடையது என்று பிரிக்கும் பழக்கம் கைவந்துவிடும், பின்னால் தரவில் இதே பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் 1890-ல் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சி வரை போனது இந்தக் கேள்விக்காகத்தான். உயரம் ஏற ஏற ஆக்சிஜன் கோடுகள் மெலிகின்றனவா என்று பார்த்தார், மெலிந்தன, ஆகவே அவை நம் வளிமண்டலத்துடையவை. வத்தலக்குண்டில் ஒரு மாலையும் கொடைக்கானலில் ஒரு மாலையும், சூரியன் அதே உயரத்தில் இருக்கும்போது பார்த்து நீங்களும் ஒப்பிடலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கும் 2343 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கண்ணால் மட்டும் பார்த்தால் வித்தியாசம் நுணுக்கமானது, குறிப்பேட்டில் படம் வரைந்து வைத்தால்தான் பிடிபடும்.

இதில் இருந்து கிடைக்கும் பாடம் கொஞ்சம் கசப்பானது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும் கிரகத்தின் தரையில் இருந்து விண்மேகத்து ஆக்சிஜனைத் தேடுவது, மூடுபனிக்குள் நின்றுகொண்டு எதிர்மலையில் மூடுபனி இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. ரேடியோ அலைநீளத்திலும் இதே கதைதான். 60 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியும் 118.75 ஜிகாஹெர்ட்ஸிலும் நம் காற்று சுவர்போல் மறைக்கிறது. சிலி நாட்டு அட்டகாமாவின் 5000 மீட்டர் உயரத்துக்குப் போனாலும் பாதிக்கு மேற்பட்ட காற்று தலைக்கு மேல் இருக்கும். அதனால்தான் செயற்கைக்கோள் தேவைப்பட்டது.

மூன்றாம் படி: எந்தக் கோட்டைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கார்பன் மோனாக்சைடு மூலக்கூறில் ஒரு பக்கம் கார்பன், ஒரு பக்கம் ஆக்சிஜன், மின்சுமை கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது சுழலும்போது ரேடியோ அலை நன்றாகவே வெளிவரும். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு பக்கமும் ஒரே அணு, சாய்வே இல்லை. அப்படியானால் ரேடியோவில் மௌனமாகத்தானே இருக்க வேண்டும்? முழு மௌனம் இல்லை. ஆக்சிஜனில் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால் அது ஒரு குட்டிக் காந்தம், திரவ ஆக்சிஜனைக் காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே ஒட்டி நிற்பது இதனால்தான். அந்தக் காந்தத்தன்மை வழியாக மிகப் பலவீனமான கோடுகள் வெளிவருகின்றன.

எவ்வளவு பலவீனம் என்பதற்கு ஒரு கணக்கு. 461 ஜிகாஹெர்ட்ஸில் ஒளிரும் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு கிளர்ந்த நிலையில் இருந்து தானாக இறங்கச் சராசரியாக 2 நாள் எடுக்கும். 487 ஜிகாஹெர்ட்ஸில் ஒளிரும் ஆக்சிஜன் மூலக்கூறு அதே வேலைக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு நன்மையும் உண்டு: இவ்வளவு மெதுவாக ஒளிர்வதால், மேகத்தில் மற்ற மூலக்கூறுகளோடு மோதி மோதி நிலைகள் எல்லாம் வெப்பநிலைக்கு ஏற்றபடி சமநிலையில் இருக்கும், கோடு தன்னைத்தானே மறைத்துக்கொள்ளவும் செய்யாது. ஆக, கடைசியில் எண்ணிக்கை போடும்போது கணக்கு எளிது.

நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய அதிர்வெண்கள் நான்கு. 118.75 ஜிகாஹெர்ட்ஸ், ஓடின் செயற்கைக்கோள் தேடியது. 487.249, 773.840, 1120.715 ஜிகாஹெர்ட்ஸ், இந்த மூன்றும் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி தேடியவை. மேல்நிலையின் ஆற்றல், வெப்பநிலை அலகில் சொன்னால், 487-க்கு சுமார் 26 கெல்வின், 774-க்கு சுமார் 61, 1121-க்கு சுமார் 115. அதாவது குளிர்ந்த வாயு என்றால் 487 மட்டும் தெரியும், சூடான வாயு என்றால் மேலே உள்ளவையும் தெரியும், கோடுகளின் விகிதமே வெப்பமானியாக வேலை செய்யும். துல்லியமான அதிர்வெண்ணை நாசாவின் ஜே.பி.எல். ஆய்வக அட்டவணையிலோ கொலோன் பல்கலைக்கழகத்தின் சி.டி.எம்.எஸ். அட்டவணையிலோ எடுங்கள். நினைவில் இருந்து தட்டச்சு செய்ய வேண்டாம்.

நான்காம் படி: முன்னால் தேடியவர்களின் கதையைப் படியுங்கள்

1998 டிசம்பரில் நாசா ஸ்வாஸ் என்ற சிறிய செயற்கைக்கோளை ஏவியது, 487 ஜிகாஹெர்ட்ஸ் ஆக்சிஜன் அதன் முக்கிய இலக்குகளில் ஒன்று. 2000-ல் வந்த முடிவு: பல மேகங்களில் தேடியும் இல்லை. கணக்கு எதிர்பார்த்ததைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவு. 2002-ல் ரோ ஒஃபியுக்கியில் இருக்கலாம் என்று ஸ்வாஸ் தரவில் ஒரு குறி சொல்லப்பட்டது. சுவீடன் தலைமையில் 2001 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஓடின் தேடியபோது அந்த அளவுக்கு அங்கே இல்லை என்று தெரிந்தது. அதே ஓடின் குழு இன்னும் நீண்ட நேரம் பார்த்து, 2007-ல் ரோ ஒஃபியுக்கி ஏ என்ற பகுதியில் 118.75 ஜிகாஹெர்ட்ஸ் கோட்டைக் கண்டதாக அறிவித்தது, இரண்டு கோடி ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு என்ற அளவில்.

ஆனால் ஒரே ஒரு கோடு, அதுவும் மிகப் பரந்த பார்வை வட்டத்தில். அதனால் சந்தேகம் தீரவில்லை. 2009 மே 14 அன்று 3.5 மீட்டர் கண்ணாடியோடு ஹெர்ஷல் மேலே போனது. அதில் ஹைஃபி என்ற கருவி, கோடுகளை மிக நுணுக்கமாகப் பிரிக்கும். பால் கோல்ட்ஸ்மித் தலைமையிலான குழு 2011-ல் ஓரியனில் 487, 774, 1121 மூன்றையும் கண்டது. மூன்று கோடு, ஒரே வேகம், பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவு. 2012-ல் ரோ ஒஃபியுக்கி ஏ-யில் 487-ம் 774-ம் கிடைத்தன, ஓடின் சொன்ன அதே அளவோடு. அந்த நாளில்தான் 2007-ம் ஆண்டுக் கோடு முழுமையாக நிமிர்ந்து நின்றது என்று நான் நினைக்கிறேன்.

மாறாக, பெர்சியஸ் பகுதியில் என்.ஜி.சி. 1333-ல் பிறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனை நோக்கி ஹெர்ஷல் மிக ஆழமாகத் தேடியது. முடிவு 2013-ல் வந்தது: இல்லை, இருந்தாலும் சுமார் 17 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆக்சிஜனைக் கண்டறிந்த கட்டுரைகளைப் படிக்கும் அதே கவனத்தோடு, இல்லை என்று சொல்லும் இந்தக் கட்டுரையையும் படியுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே தேடலாம் என்று யோசியுங்கள்

இதுதான் விஷயத்தின் மையம், இங்கே நேரம் செலவழியுங்கள். மேகத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகும் வழி ஓரளவு தெளிவானது. காஸ்மிக் கதிர் ஹைட்ரஜன் மூலக்கூறை அயனியாக்க, மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த அயனி உருவாகிறது. அது ஓர் ஆக்சிஜன் அணுவுக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது, அதன்மேல் ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக ஏறுகிறது, கடைசியில் எலக்ட்ரான் ஒன்று வந்து சேர்ந்து உடைத்ததும் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) கிடைக்கிறது. ஹைட்ராக்சில் இன்னோர் ஆக்சிஜன் அணுவைச் சந்தித்தால் ஆக்சிஜன் மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் பிறக்கும்.

சரி, அப்படியானால் ஏன் காணோம்? கறுப்புப் பட்டையாக நீங்கள் பார்த்தீர்களே, அந்தத் தூசிதான் நடுவில் புகுந்து கெடுக்கிறது. ஆக்சிஜன் அணு வாயுவில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே குளிர்ந்த தூசித் துகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் வந்து சேர, அது தண்ணீராகி உறைந்து பனிப்படலமாகிவிடுகிறது. வாயுவில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் குறைந்துவிட்டால் இரண்டு அணு சந்திப்பதற்கே வழியில்லை. ஆக்சிஜன் அணு தூசியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதற்குப் பழைய கணக்குகள் 800 கெல்வின் அளவு ஆற்றலை வைத்திருந்தன. பின்னர் ஆய்வகத்தில் அளந்தபோது அதைப்போல் இரண்டு மடங்கு வந்தது. இந்த ஓர் எண் மாறியதால் மாதிரிகள் சொல்லும் ஆக்சிஜன் அளவு நன்றாகவே இறங்கியது. எனக்கு இந்தத் துறையில் பெரிய மரியாதை வருவது இந்த மாதிரி இடத்தில்தான்: பல ஒளியாண்டு அகலமுள்ள மேகத்தின் புதிர், ஒரு வெற்றிடப் பெட்டிக்குள் குளிர்ந்த தகட்டில் அணு ஒட்டுவதை அளந்தபோது அவிழத் தொடங்கியது.

ஆக, தேட வேண்டிய இடம் மிகக் குளிர்ந்த கருமேகத்தின் நடுப்பகுதி அல்ல. தூசி கொஞ்சம் சூடாகி ஆக்சிஜன் ஒட்டாமல் தப்பிக்கும் இடம், அதிர்வலை மோதிப் பனியை உதிர்க்கும் இடம், பக்கத்து விண்மீனின் புற ஊதா ஒளி விளிம்பில் படும் இடம், இவைதான். ரோ ஒஃபியுக்கி ஏ 30 கெல்வினை ஒட்டிய, மற்றக் கருமேகங்களைவிட வெதுவெதுப்பான பகுதி. ஓரியனில் கண்ட இடம் அதிர்வலையால் ஹைட்ரஜன் பிரகாசமாக ஒளிரும் பீக் 1 பக்கம். இரண்டும் தற்செயல் அல்ல.

இன்னொரு துப்பும் உண்டு. தூசியின் மேல் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் ஹைட்ரஜன் ஏறினால் முதலில் ஹைட்ரோபெராக்சில், அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்புறம் தண்ணீர் என்று போகும். சிலியில் இருக்கும் அபெக்ஸ் தொலைநோக்கி 2011-ல் ஹைட்ரஜன் பெராக்சைடை விண்மேகத்தில் முதன்முதலாகக் கண்டது, அடுத்த ஆண்டு ஹைட்ரோபெராக்சில். இரண்டும் கிடைத்த இடம் அதே ரோ ஒஃபியுக்கி ஏ. இந்த இரண்டையும் தரையில் இருந்தே தேடலாம் என்பதால், புது இலக்கு தேர்ந்தெடுக்கும்போது முதலில் இவை அங்கே பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆறாம் படி: தரவை இறக்குங்கள்

ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஹெர்ஷல் அறிவியல் காப்பகத்துக்குப் போங்கள். ஹீலியம் தீர்ந்து 2013 ஏப்ரல் 29-ல் ஹெர்ஷலின் பார்வை நின்றுவிட்டது, ஆனால் அது பார்த்தது எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது. கருவி ஹைஃபி என்று தேர்ந்தெடுத்து, ரோ ஒஃபியுக்கியின் ஆயத்தொலையைக் கொடுத்து, 487 ஜிகாஹெர்ட்ஸ் அடங்கும் பட்டை 1-ன் கோப்புகளைத் தேடுங்கள். 774 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தனியாக இன்னொரு தேடல். ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வடிவத்தில் வரும், பைத்தானின் ஆஸ்ட்ரோபை தொகுப்பு திறந்துவிடும். கிளாஸ் என்ற ரேடியோ வானியல் மென்பொருள் பழகியவர்கள் அதிலும் செய்யலாம். பூம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு நெட் திணறும், டவுனில் உட்கார்ந்து இறக்கிப் பென் டிரைவில் கொண்டு போய்விடுங்கள், அதற்குப் பிறகு நெட் தேவையே இல்லை.

முதன்முறை செய்பவர்கள் ரோ ஒஃபியுக்கியில் தொடங்குங்கள். ஓரியன் வேண்டாம். அங்கே நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கோடுகள் அடுத்தடுத்து நெருக்கி நிற்கும், ஆக்சிஜனை அந்தக் கூட்டத்தில் அடையாளம் காண அனுபவம் வேண்டும்.

ஏழாம் படி: சுத்தம் செய்யுங்கள், ஆனால் அளவோடு

ஒரே ஒரு பதிவைத் திறந்து பார்த்தால் வெறும் இரைச்சல்தான் தெரியும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். இரைச்சல் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்: கருவியின் இரைச்சல் வெப்பநிலையை, அலைவரிசை அகலத்தையும் நேரத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 கெல்வின் இரைச்சல், அரை மெகாஹெர்ட்ஸ் அகலம், 1 மணி நேரம் என்றால் 2.4 மில்லிகெல்வின். கருவி மேகத்தையும் வெற்று வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடும். இரைச்சலைப் பாதியாக்க நேரம் நான்கு மடங்கு வேண்டும். எதிர்பார்க்கும் கோட்டின் உயரமோ பத்து இருபது மில்லிகெல்வின் அளவுக்குள்.

எல்லாப் பதிவுகளையும் இரைச்சலுக்கு ஏற்ற எடை கொடுத்துச் சராசரி எடுங்கள். ஹைஃபியில் கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு தளவிளைவுக்கும் (அலை அதிரும் திசைக்கும்) தனித்தனி ஏற்பி இருக்கிறது. அவற்றைக் கடைசி வரை தனித்தனியாக வைத்திருங்கள், ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

அடிக்கோடு சமமாக இருக்காது, அலை அலையாக இருக்கும். தொலைநோக்கிக்கும் ஏற்பிக்கும் நடுவே எதிரொலிக்கும் நிலையலை இது, ஹைஃபியில் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். இதை ஒரு சைன் வளைவு பொருத்திக் கழிக்கலாம். உயர்படி பல்லுறுப்புக் கோவையைப் பொருத்திச் சமன் செய்யும் ஆசை வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோவையின் அடுக்கை 7, 8 என்று ஏற்றிக்கொண்டே போனால் இல்லாத இடத்தில் மேட்டை உண்டாக்கும், இருக்கும் மேட்டைத் தின்றுவிடும். கோடு வரவேண்டிய சன்னலை முதலிலேயே மறைத்துவிட்டு, மீதியில் மட்டும் அடுக்கு 1 அல்லது 2 உள்ள கோவையைப் பொருத்துங்கள். சன்னலின் இடத்தைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: தென்படும் மேட்டைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

சராசரி எடுத்தபின் 487.249 பக்கம் ஒரு சிறு மேடு எழுந்து நிற்கிறது என்று வையுங்கள். அது ஆக்சிஜன்தான் என்று ஒத்துக்கொள்வதற்கு முன் நான்கு கேள்வி.

வேகம் சரியா? 487 ஜிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் 1.625 மெகாஹெர்ட்ஸ் நகர்வுக்குச் சமம். பூமி சூரியனைச் சுற்றும் விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகமே கோட்டை 49 மெகாஹெர்ட்ஸ் வரை இங்கும் அங்கும் தள்ளிவிடும், ஆகவே கோப்பின் வேக அளவுகோல் பூமியின் ஓட்டம் கழிக்கப்பட்டதா என்று தலைப்புப் பகுதியில் பாருங்கள். ரோ ஒஃபியுக்கி ஏ-யில் அடர்ந்த வாயு விநாடிக்கு சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது, ஆக்சிஜனும் அதை ஒட்டித்தான் வரவேண்டும். ஓரியனில் ஆக்சிஜன் வந்தது 11 முதல் 12 கிலோமீட்டரில். அங்கே சூடான மையப்பகுதியின் வாயு 5 கிலோமீட்டர் பக்கம் இருக்கும், அதனால் இது மையத்துக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தது. கோட்டின் நகர்வை வைத்து வாயுவின் ஓட்டத்தைப் படிக்கும் இதே உத்தியில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஆங்கில வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கொடைக்கானல் ஆய்வகத்தில் கண்டார். ஆய்வகத்துக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தளவிளைவிலும் இருக்கிறதா? நிஜமான கோடு இரண்டு ஏற்பியிலும் இரைச்சலின் எல்லைக்குள் ஒத்து வரவேண்டும். ஒன்றில் பெரிதாகவும் இன்னொன்றில் இல்லாமலும் இருந்தால் கருவியைச் சந்தேகப்படுங்கள். தனித்தனியாக வைக்கச் சொன்னது இதற்காக. ஒரு சின்ன விதிவிலக்கு: இரண்டு ஏற்பியும் வானத்தில் சில விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) தள்ளித்தான் பார்க்கின்றன, ஒளிரும் பகுதி மிகச் சிறிதாக இருந்தால் நியாயமான வித்தியாசம் வரலாம்.

எந்தப் பக்கத்துக் கோடு? ஹைஃபி இரண்டு அதிர்வெண் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யும். உங்கள் மேடு எதிர்ப்பட்டையில் இருந்து வந்து இங்கே விழுந்த வேறு மூலக்கூறாக இருக்கலாம். கருவியின் உள் அலையியற்றியைக் கொஞ்சம் மாற்றி மாற்றி எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால் உண்மை தெரியும்: சரியான பட்டைக் கோடு தன் இடத்திலேயே நிற்கும், எதிர்ப்பட்டைக் கோடு ஒவ்வொரு பதிவிலும் இடம் மாறும்.

இரண்டாவது கோடு எங்கே? 487-ன் உயரத்தையும் மேகத்தின் வெப்பநிலையையும் வைத்து 774 எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, அது இருக்கிறதா என்று பாருங்கள். பார்வை வட்டம் 487-ல் 44 விகலை, 774-ல் 28, 1121-ல் 19 என்று சுருங்குகிறது என்பதைக் கணக்கில் சேருங்கள். சிறிய இடத்தில் இருந்து வரும் ஒளி பெரிய வட்டத்தில் நீர்த்துப்போகும்.

ஒன்பதாம் படி: எண்ணிக்கை போடுங்கள்

மேட்டின் பரப்பளவை கெல்வின் பெருக்கல் கிலோமீட்டர் விநாடியில் எடுங்கள். 487 கோட்டுக்கு, பரப்பளவு 1 என்றால் மேல்நிலையில் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 5×10¹⁶ மூலக்கூறு. மொத்தத்துக்கு மாற்ற, பிரிவுச் சார்பால், அதாவது மூலக்கூறு எத்தனை நிலைகளில் பரவிக் கிடக்கிறது என்று சொல்லும் எண்ணால், பெருக்கி (30 கெல்வினில் அது சுமார் 22), மேல்நிலையின் எடையான 7-ஆல் வகுத்து, 26-ஐ வெப்பநிலையால் வகுத்த அடுக்கில் இயற்கை மடக்கையின் அடிமானத்தை உயர்த்திப் பெருக்க வேண்டும். 30 கெல்வினில் மொத்தம் சுமார் 4×10¹⁷ வரும். வெப்பநிலையை 10 என்று வைத்தாலும் 100 என்று வைத்தாலும் இந்த விடை ஏறக்குறைய இரண்டு மடங்குதான் மாறும், 487 கோடு நம்பகமானது என்று சொல்வதற்கு இது பெரிய காரணம்.

பரப்பளவு 0.01 என்றால் ஆக்சிஜன் 4×10¹⁵. பார்வைப் பாதையில் ஹைட்ரஜன் மூலக்கூறு 10²³ இருந்தால் விகிதம் இரண்டரைக் கோடியில் ஒன்று. இந்த ஹைட்ரஜன் எண்ணிக்கையை நேராக அளக்க முடியாது, தூசியின் ஒளிர்வில் இருந்தோ ஆக்சிஜன்-18 (எடை கூடிய ஆக்சிஜன் அணு) உள்ள கார்பன் மோனாக்சைடில் இருந்தோ ஊகிக்க வேண்டும். பின்னதற்கு 50 லட்சம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒன்று என்பது வழக்கமான விகிதம், ஆனால் 20 கெல்வினுக்குக் கீழே கார்பன் மோனாக்சைடும் தூசியில் உறைந்துவிடும், அங்கே இந்த விகிதம் ஏமாற்றும்.

பத்தாம் படி: கிடைக்கவில்லை என்றால்

பெரும்பாலும் கிடைக்காது. அப்போது செய்யும் வேலைதான் இந்தத் தேடலின் பாதி மதிப்பு என்பது என் உறுதியான கருத்து. "இல்லை" என்று மட்டும் எழுதினால் அதை யாராலும் பயன்படுத்த முடியாது. எவ்வளவுக்கு மேல் இல்லை என்று எழுத வேண்டும். இரைச்சல் 2 மில்லிகெல்வின், ஒரு புள்ளி 0.3 கிலோமீட்டர் அகலம், எதிர்பார்க்கும் கோடு 1.5 கிலோமீட்டர் அகலம் என்று வையுங்கள். இரண்டு அகலத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரைச்சலால் பெருக்கினால் 0.0013, அதன் மூன்று மடங்கு 0.004. முந்தைய கணக்கில் போட்டால் 1.6×10¹⁵, விகிதம் சுமார் ஆறு கோடியில் ஒன்று. அதோடு எந்த வெப்பநிலை, எந்தக் கோட்டு அகலம், எந்த ஹைட்ரஜன் எண்ணிக்கை என்று மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு யாராவது வெப்பநிலை வேறு என்று கண்டுபிடித்தால் உங்கள் எண்ணைத் தூக்கிப் போடாமல் திருத்திக்கொள்ள முடியும். ஸ்வாஸ் குழுவின் "இல்லை"கள் இப்படி எழுதப்பட்டிருந்ததால்தான் வேதியியல் மாதிரிகளைத் திருத்தும் அளவுக்கு அவற்றுக்குப் பலம் இருந்தது.

இதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கு

தரையில் இருந்து தேட இரண்டு குறுக்குவழி உண்டு. ஒன்று, ஓர் அணு மட்டும் ஆக்சிஜன்-18 ஆக இருக்கும் மூலக்கூறு. அதன் கோடு 234 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் வரும், நம் காற்று அங்கே ஓரளவு வழிவிடும். விண்மேகத்தில் சுமார் 280 ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ஒன்றுதான் இப்படி இருக்கும், அதனால் சமிக்ஞை இன்னும் மெலிது, ஆனால் சிலியின் ஆல்மா போன்ற பெரிய ரேடியோ தொலைநோக்கி அணியால் முயல முடியும். இன்னொன்று, தூரத்து விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்). அவை விலகிப் போவதால் கோடு இடம்பெயர்ந்து நம் காற்றின் மறைப்பில் இருந்து வெளியே வந்துவிடும். 2020-ல் மார்கேரியன் 231 என்ற மண்டலத்தில் 118.75 ஜிகாஹெர்ட்ஸ் கோடு 114 பக்கம் நகர்ந்து தெரிந்ததாக ஒரு குழு அறிவித்தது. அந்தக் கட்டுரையை எடுத்து, எட்டாம் படியின் நான்கு கேள்வியையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி.

67பி வால்மீனில் ரோசெட்டா விண்கலம் தண்ணீரோடு ஒப்பிட்டால் சராசரி 3.8 சதவீதம் ஆக்சிஜன் மூலக்கூறு இருப்பதாக 2015-ல் கண்டது. இவ்வளவு ஆக்சிஜன் சூரியன் பிறந்த மேகத்தின் பனியிலேயே இருந்ததா, பின்னால் உருவானதா என்பதை அறிய, விண்மீன் பிறக்கும் இடங்களில் பனி உருகும் பகுதிகளைத் தேட வேண்டும். அதற்கு ஏற்றது ரோ ஒஃபியுக்கியிலேயே இருக்கும் ஐராஸ் 16293 என்ற குழந்தை விண்மீன் இணை. அதை நோக்கி ஆல்மா எடுத்த பதிவுகளும் காப்பகத்தில் திறந்தே கிடக்கின்றன. ஆறாவது பட்டையில் 233.9 ஜிகாஹெர்ட்ஸ் அடங்கும் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஏழாம் படியில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.